சந்தைக்கு ஏற்றும் முன் ஒரு வீடியோ: ஆன்லைன் ஏலத்தில் ஆடும் தானியமும் விற்க கரிசல் விவசாயிகளுக்கு யோசனைகள்

சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குப் போய்வரும் விவசாயிகளுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. விடியும் முன்பே லோடு ஆட்டோ பிடித்து 8 கிடாய்களை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். வண்டி வாடகை, சந்தைக் கட்டணம், கூட வந்த ஆளுக்குச் சாப்பாடு என்று வாசலிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏற ஏற கூட்டம் கலையத் தொடங்கும். அப்போது ஒரு வியாபாரி வந்து நீங்கள் நினைத்ததைவிடக் குறைத்துக் கேட்கிறார். ஆடுகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் இன்னொரு வாடகை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த நேரம் பார்த்து அந்த விலையைக் கேட்கிறார்.

ஆட்டில் குறை எதுவும் இருக்காது. வேறு விலை எதுவும் கையில் இல்லாமல் சந்தைக்குள் நுழைந்ததுதான் குறை. வீட்டிலேயே ஆடு நிற்கும்போது 4 பேரிடம் விலை கேட்க முடிந்தால் நிலைமை மாறிவிடும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் செல்போன் போதும். ஆனால் எடுக்கும் வீடியோ சரியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஆட்டு வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஓடும், ஆடு ஓடும், கடைசியில் ஒரு போன் நம்பர் வரும். வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒன்றும் அதில் இருக்காது. எப்படி எடுத்தால் விலை கிடைக்கும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வெளிநாட்டில் 1987 முதல் நடக்கிறது

பார்க்காமலே கால்நடை வாங்குவது நடக்காத காரியம் என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவில் சுப்பீரியர் லைவ்ஸ்டாக் என்ற நிறுவனம் 1987-ல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாக மாடுகளை ஏலம் விடத் தொடங்கியது. மாடு பண்ணையிலேயே நிற்கும். அதன் வீடியோவை ஒளிபரப்புவார்கள், வியாபாரிகள் போனில் ஏலம் கேட்பார்கள். அதே 1987-ல் ஆஸ்திரேலியாவில் கணினி வழிக் கால்நடை ஏலம் தொடங்கியது. இன்று அது ஆக்‌ஷன்ஸ்பிளஸ் என்ற பெயரில் ஆடு, மாடு இரண்டையும் விற்றுத் தருகிறது.

படம் அழகாக இருந்ததால் மட்டும் இந்த ஏலங்கள் நிலைக்கவில்லை. படத்தோடு எடை, வயது, இனம், ஏற்றும் தேதி, எடை போடும் விதம் எல்லாம் எழுத்தில் இருக்கும். சொன்ன எடையிலிருந்து மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதையும் அமெரிக்க வீடியோ ஏலங்களில் முன்பே சொல்லிவிடுகிறார்கள். வீடியோவில் காட்டியதும் வண்டியில் ஏறுவதும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த முறையும் வியாபாரி ஏலம் கேட்பார். நம் ஊரிலும் இதுவே அடிப்படை.

வாங்குபவர் யார், என்ன பார்ப்பார்?

வீடியோ எடுக்கும் முன் உங்கள் ஆட்டை யார் வாங்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள்.

கறிக்கடைக்காரர் எடையைத்தான் பார்ப்பார். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும் என்று மனக்கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார். அவருக்குத் தராசும் முதுகுச் சதையும் தெரிய வேண்டும்.

பக்ரீத்துக்கு வாங்குபவருக்கு ஆடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். கண் பழுது, நொண்டல் போன்ற குறைகள் இருக்கக் கூடாது. அவருக்குப் பல், கண், கொம்பு, காது, நடை தெரிய வேண்டும்.

கோயில் நேர்த்திக்கடனுக்கு வாங்குபவர் நிறத்தையும் அங்கக் குறை இல்லாததையும் பார்ப்பார். 4 பக்கமும் உடம்பைக் காட்ட வேண்டும்.

வளர்க்க வாங்குபவருக்கு இனம் முக்கியம். நம் பகுதியின் கன்னி ஆடு கறுப்பு உடம்பும் முகத்தில் இரண்டு கோடுகளும் கொண்டது. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கொடி ஆடு நெட்டையானது, வெள்ளை உடம்பில் கறுப்புத் தெறிப்பு இருந்தால் கரும்போறை, சிவப்புத் தெறிப்பு இருந்தால் செம்போறை. வேம்பூர் செம்மறிக்கு வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள் இருக்கும், அதனால் பொட்டு ஆடு என்றும் சொல்வோம். இந்த அடையாளங்களைக் கிட்டத்தில் காட்டுங்கள். பெட்டை ஆடு என்றால் மடியையும் கூடவே அதன் குட்டிகளையும் காட்டுங்கள். கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவதற்குப் பெயர் பெற்றது. குட்டிகளைப் பார்த்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

கரிசல் மண்ணில் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கறுப்பு ஆட்டைக் கரிசல் காட்டில் நிறுத்தி எடுத்தால் ஆடும் மண்ணும் ஒன்றாகத் தெரியும். உடம்பு வாகு தெரியாது. சுண்ணாம்பு அடித்த சுவர், சிமெண்ட் களம், வெளிறிய வைக்கோல் படப்பு போன்றவை பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். வெள்ளை உடம்புள்ள கொடி ஆட்டுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் வெறும் காடே நல்ல பின்னணி.

காலை 7 மணி முதல் 9 மணிக்குள் எடுங்கள். மேய்ச்சலுக்குப் போகும் முன் வயிறு காலியாக இருக்கும் நேரம் அது. வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடை கூட்டுவார்கள் என்ற சந்தேகம் எல்லா வியாபாரிக்கும் உண்டு. காலை வெறும் வயிற்று எடை என்று சொன்னாலே பாதிச் சந்தேகம் போய்விடும்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் ஆடு குட்டையாகத் தெரியும், கால் தெரியாது. குத்தவைத்து உட்கார்ந்து ஆட்டின் வயிற்று உயரத்தில் போனை வைத்து எடுங்கள். ஆனி, ஆடி மாதக் காற்றில் நீங்கள் பேசுவது கேட்காது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று பேசுங்கள், அல்லது சுவர் மறைவில் எடுங்கள்.

90 விநாடி வீடியோ: வரிசைப்படி

ஓர் ஆட்டுக்கு 90 விநாடி போதும். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். வெட்டினால் ‘எதையோ மறைத்திருக்கிறார்’ என்றுதான் தோன்றும். பாட்டு வேண்டாம், நிறம் கூட்டும் பில்டர் வேண்டாம்.

1. ஊர், தேதி, ஆட்டின் எண் ஆகியவற்றைச் சொல்லித் தொடங்குங்கள். காதில் வில்லை இருந்தால் அதன் எண்ணைக் கிட்டத்தில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அட்டையில் 1, 2, 3 என்று எழுதி ஆட்டின் கழுத்தில் கட்டுங்கள்.

2. சமதளத்தில் பக்கவாட்டில் நிறுத்தி 10 விநாடி காட்டுங்கள். பிறகு முன்புறம், பின்புறம், மறுபக்கம்.

3. 10 அடி தூரம் நடத்திக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வாருங்கள். வீடியோ போட்டோவைவிடப் பயன்படும் இடம் இதுதான். நொண்டல், கால் வீக்கம், சோர்வு எல்லாம் நடையில் தெரிந்துவிடும்.

4. உதட்டை விலக்கி கீழ்த்தாடைப் பற்களைக் காட்டுங்கள். பால் பல் விழுந்து 2 பெரிய பல் முளைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வயது. 4 பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. 6 பல், 8 பல் என்றால் அதற்கும் மேல்.

5. கண், கொம்பு, காது, மூக்கு, பின்புறம் ஆகியவற்றைக் கிட்டத்தில் காட்டுங்கள். மூக்கில் சளியும் பின்புறம் கழிச்சல் கறையும் இல்லை என்பது தெரிய வேண்டும்.

6. இடுப்புக்கு மேல் முதுகெலும்பைக் கையால் அழுத்திக் காட்டுங்கள். சந்தையில் வியாபாரி பிடித்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். விரல் எலும்பில் இடிக்கிறதா, சதையில் பதிகிறதா என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

7. தராசில் தொங்கவிட்டு எடை நிற்கும் வரை காட்டுங்கள். தராசு பூஜ்யத்தில் இருப்பதை முதலில் காட்ட மறக்காதீர்கள்.

8. குறை ஏதும் இருந்தால் கடைசியில் காட்டுங்கள்.

தராசு இல்லாதவர்கள் டேப் வைத்து மதிப்பிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 அங்குலம் என்றால் ஏறத்தாழ 24.5 கிலோ. இது மதிப்பீடுதான். வீடியோவிலும் ‘டேப் எடை’ என்றே சொல்லுங்கள்.

குறையை ஏன் காட்ட வேண்டும்?

‘நாமே குறையைச் சொன்னால் விலை குறையாதா?’ என்று கேட்பீர்கள். குறையும், ஆனால் அந்தக் குறைக்கு மட்டும்தான் குறையும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், இருக்கக்கூடிய எல்லாக் குறைக்கும் சேர்த்து வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் இதைத்தான் விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல பொருளுக்கும் மோசமான பொருளின் விலைதான் கிடைக்கும், கடைசியில் நல்ல பொருளை வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்றார். அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நன்றாகத் தீனி போட்டு, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்து வளர்த்த ஆட்டுக்கும் சந்தையில் மற்ற ஆட்டின் விலையே கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். உங்கள் செலவு வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியவில்லை. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அதையும் வீடியோவில் காட்டுங்கள்.

ஏலத்தை எப்படி நடத்துவது?

வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டு ‘விலை சொல்லுங்கள்’ என்று எழுதினால் ஏலம் நடக்காது. தனித்தனியாகப் போன் வரும், பேரம்தான் நடக்கும். கீழ்க்கண்டவற்றை வீடியோவோடு சேர்த்து எழுதுங்கள்.

ஆட்டின் எண், பல், எடை. தொடக்க விலை. ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும். ஏலம் முடியும் நாளும் நேரமும். முன்பணம் எவ்வளவு. ஏற்ற வேண்டிய கடைசி நாள். வண்டி வாடகை யாருடையது.

நாங்கள் சொல்லும் முறை இது. புதன்கிழமை காலை வீடியோ எடுங்கள். அன்று மாலை அனுப்புங்கள். வியாழன் இரவு 8 மணிக்கு ஏலத்தை முடியுங்கள். நல்ல விலை வந்தால் வெள்ளிக்கிழமை ஏற்றிவிடலாம். வராவிட்டால் சனிக்கிழமை சந்தை இருக்கவே இருக்கிறது. அப்போதும் வீடியோ வீணாகாது. வியாழன் இரவு வந்த அதிகபட்ச விலை எது என்று உங்களுக்குத் தெரியும். சந்தையில் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. முதல் ஆள் கேட்டது இரண்டாம் ஆளுக்குத் தெரியாது. ஏலத்தில் அது எல்லோருக்கும் தெரியும், போட்டி வரும். அதனால் கேட்கப்பட்ட விலைகளைக் குழுவில் உள்ளபடியே போடுங்கள். வராத விலையை வந்ததாகப் போடாதீர்கள். வியாபாரிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், ஒருமுறை தெரிந்துவிட்டால் உங்கள் ஏலத்துக்கு ஆள் வராது.

எடையில் தகராறு வராமல் இருக்க உயிர் எடைக்குக் கிலோ விலை பேசுவது நல்லது. உதாரணமாக, வீடியோவில் 25 கிலோ காட்டியிருக்கிறீர்கள், ஏற்றும்போது 24 கிலோதான் நிற்கிறது என்றால், 24 கிலோவுக்கு மட்டும் பணம். இதை முன்பே எழுதிவிட்டால் வண்டி வந்து நிற்கும்போது பேச்சு வளராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸின் விதிகள் விலங்கு விற்பனையை அனுமதிப்பதில்லை. அங்கே போடும் பதிவு நீக்கப்படலாம். நேரடியாகத் தெரிந்த வியாபாரிகள், கறிக்கடைக்காரர்கள், ஆடு வளர்ப்போர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவே பயன்படும். வாட்ஸ்அப்பில் வீடியோ சுருங்கித் தெளிவு குறையும். எச்டி தரத்தில் அனுப்புங்கள், அல்லது டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். ஊரில் சிக்னல் குறைவு என்றால் காட்டில் எடுத்து வைத்து, எட்டயபுரமோ கோவில்பட்டியோ போகும்போது அனுப்பலாம்.

உளுந்து, பாசி, மிளகாய்க்கு

மானாவாரித் தானியங்களுக்கு முறையான ஆன்லைன் ஏலம் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய வேளாண் சந்தை எனப்படும் இ-நாம் 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்டது. இதில் இணைக்கப்பட்ட ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு விளைபொருளைக் கொண்டுபோனால், குவியலுக்கு எண் கொடுத்து, மாதிரி எடுத்துத் தரம் பார்த்து, ஆன்லைனில் ஏலம் விடுவார்கள். அதிகபட்ச விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலில் தனி வசதி வந்தது. பொருளைக் கூடத்துக்குக் கொண்டுபோகாமல், தங்கள் சேகரிப்பு மையத்திலிருந்தே படத்தையும் தர விவரத்தையும் பதிவேற்றி ஏலத்தில் வைக்கலாம். நீங்கள் அத்தகைய நிறுவனத்தில் உறுப்பினர் என்றால் இதைக் கேளுங்கள்.

இங்கே ஏலத்தை நடத்துவது கூடம். வீடியோ உங்கள் கூடுதல் கருவி. ஏலத்துக்கு முந்தின நாளே வழக்கமாக வாங்கும் வியாபாரிகளுக்கு அனுப்பினால், உங்கள் குவியலைக் கவனித்து விலை போடுவார்கள்.

தானிய வீடியோவில் மேல் மூட்டையை மட்டும் காட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடியில் என்ன இருக்கிறதோ என்றுதான் வாங்குபவர் நினைப்பார். நடுவிலும் அடியிலும் உள்ள மூட்டைகளிலிருந்து மாதிரி எடுப்பதைக் காட்டுங்கள். மாதிரியைக் கலந்து அதில் 100 கிராம் எடை போடுங்கள். கல், மண், தூசி, சொத்தை, உடைசல், சுருங்கிய மணி என்று தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எடை போட்டுக் காட்டுங்கள். 100 கிராமில் தூசி 2 கிராம் என்றால் 2 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. நகைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசு போதும்.

ஈரப்பதமானி இருந்தால் அதன் எண்ணையும் காட்டுங்கள். அரசு ஆதரவு விலைக் கொள்முதலில் உளுந்துக்கும் பாசிக்கும் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தனியார் வியாபாரியும் ஏறத்தாழ அதையே எதிர்பார்ப்பார். தை, மாசி அறுவடையில் பனி ஏறிய பயறை அவசரமாக மூட்டை பிடித்தால் இந்த இடத்தில்தான் விலை அடிபடும்.

மிளகாய் வற்றலைக் களத்தில் பரப்பி, நிழலில் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் சிவப்பு வெளிறித் தெரியும். வெளுத்த பழங்களையும் காம்பு இல்லாதவற்றையும் ஒரு கை அளவு தனியே பிரித்துக் காட்டுங்கள். ஒரு பழத்தை ஒடித்துக் காட்டினால் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பணம் வாங்கும்போது உஷார்

வீடியோ பரவினால் நல்லவர்களோடு மோசடிக்காரர்களும் வருவார்கள். ஆட்டை நேரில் பார்க்காமல், பேரமும் பேசாமல், கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொள்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்பார். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே ஆட்டை ஏற்றுங்கள். ஏற்றும்போது இன்னொரு சிறு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் எண், தராசு, வண்டியில் ஏறும் நடை, வாங்குபவர் ‘சரி’ என்று சொல்வது எல்லாம் அதில் இருக்கட்டும். வழியில் ஆடு சோர்ந்தால் ‘நோய் ஆட்டைக் கொடுத்துவிட்டீர்கள்’ என்று போன் வரும்போது இதுதான் பேசும். குறைந்தது ஒரு மாதம் அழிக்காமல் வையுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

ஒன்றிரண்டு குட்டி விற்பவருக்கு இவ்வளவு வேலை கட்டாது. வீட்டுப் பக்கத்தில் வரும் வியாபாரியோ சந்தையோ போதும். அவசர மருத்துவச் செலவுக்கு இன்றே பணம் வேண்டும் என்றாலும் ஏலத்துக்குக் காத்திருக்க முடியாது. 5, 10 உருப்படி ஒன்றாக விற்பவர்கள், பக்ரீத், தீபாவளிக்கு என்று கிடாய் வளர்ப்பவர்கள், இன ஆடு வளர்ப்பவர்கள், ஊரில் 4 பேர் சேர்ந்து விற்பவர்கள் ஆகியோருக்குத்தான் இது பலன் தரும்.

முதல் முறையே கூடுதல் விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் வாங்குபவர் உங்களைச் சோதித்துப் பார்ப்பார். வீடியோவில் பார்த்த ஆடே, சொன்ன எடையிலேயே அவர் வாசலில் இறங்கினால் அடுத்த முறை அவரே போன் செய்து ‘என்ன இருக்கிறது?’ என்று கேட்பார். இந்த வாரம் ஒரே ஓர் ஆட்டை எடுத்துப் பழகுங்கள். எடுத்ததை உங்கள் வீட்டிலேயே ஒருவரிடம் காட்டி, ‘இதைப் பார்த்து நீ வாங்குவாயா, இன்னும் என்ன கேட்பாய்?’ என்று கேளுங்கள். அவர் என்ன கேட்கிறாரோ, அதுதான் உங்கள் வீடியோவில் விட்டுப்போனது.